தவளைவாயன்: பார்த்தவர்கள், கேட்டவர்கள், தேடிக்கொண்டிருப்பவர்கள்

குறிஞ்சிவண்டு:

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் கண், முகத்தில் பாதிக்கு வாய், யாரோ கைமாற்றுக் கேட்டுவிட்டதுபோல ஒரு முறைப்பு. கீழே "கேரளக் காட்டில் நூறு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் தென்படும் அதிசயப் பறவை தவளைவாயன், பார்த்தவுடன் பகிரவும்" என்று எழுதியிருக்கிறது. சித்தப்பா அதைச் சோழர் காலத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டார், அது வேறு கதை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பறவை பார்க்க ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை, கோயம்புத்தூர்க் குளங்களைத் தாண்டிப் பெரிதாக எங்கும் போனதில்லை. ஜனவரி கடைசியில் நண்பர்களோடு கேரளத்தில் இருக்கிற தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாம் என்று இருக்கிறோம். அங்கே தவளைவாயன் கட்டாயம் கிடைக்கும், கவலையே படாதே என்கிறார் ஒருத்தர். இன்னொருத்தர் பல வருடமாக மலைக்காடுகளில் சுற்றுகிறவர், இன்றுவரை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்கிறார். எந்த உயிரினத்துக்கு எவ்வளவு அழியும் ஆபத்து என்று போடுகிற உலகப் பட்டியலில் போய்ப் பார்த்தால் அழியும் ஆபத்து குறைந்த இனம் என்று போட்டிருக்கிறது. இது மூன்றும் ஒரே பறவையைப் பற்றித்தானா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பழைய பைனாகுலர்:

தம்பி, முதலில் அந்தப் படம். நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் அது ஆஸ்திரேலியாவில் இருக்கிற பறவை, டானி ஃபிராக்மவுத். அங்கே ஊருக்குள் பூங்கா மரத்திலும் வீட்டுத் தோட்டத்திலும் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். இணையத்தில் தவளைவாயன் என்று தேடினால் பத்துக்கு ஒன்பது படம் அதுதான் வரும். அது பொடார்கஸ் என்கிற பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி), ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் இருக்கிற மூன்று இனங்கள், ஆள் பெரியது.

நம் காட்டில் இருப்பது பட்ராகோஸ்டோமஸ் பேரினம். 1838-இல் ஜான் கூல்ட் வைத்த பெயர். இது முழுக்க ஆசியப் பேரினம், ஏறக்குறைய 12 இனங்கள், பெரும்பாலும் மழைக்காட்டுவாசிகள். இந்தியாவில் இரண்டு உண்டு: வடகிழக்கு மலைகளில் ஹாட்சன் தவளைவாயன், மேற்குத் தொடர்ச்சி மலையில் இலங்கைத் தவளைவாயன். பெயரில் இலங்கை இருந்தாலும் கோவா, கர்நாடகம், கேரளம், நம் ஆனைமலை என்று இந்தப் பக்கமும் இருக்கிறது. மீதி எல்லாம் பர்மா, தாய்லாந்து, மலேயா, சுமத்ரா, போர்னியோ, ஜாவா, பிலிப்பைன்ஸ் பக்கம். வெளியிலிருந்து பார்க்க ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தாலும் பொடார்கஸுக்கும் இதற்கும் மரபணு அளவில் தூரம் அதிகம், இரண்டையும் தனித்தனிக் குடும்பமாகவே வைக்க வேண்டும் என்று வாதாடியவர்களும் உண்டு.

நம்முடையது மைனா அளவுதான், 23 செ.மீ. போல. படத்தில் பார்த்துவிட்டு ஆந்தை அளவுக்கு ஒன்றைத் தேடிக்கொண்டு போகிறவர்கள் அங்கேயே தோற்றுவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் மூன்று கேள்வி. மூன்றும் ஒரே பறவைதான், மூன்றும் உண்மைதான். இந்தப் பறவை பகல் முழுக்க ஒரு கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் ஜோடியாக, ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு. அதே கிளை, அதே கணு. தொந்தரவு இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இடத்தை மாற்றாது. ஆகவே அந்தக் கிளை தெரிந்தவருக்கு அது தினமும் பார்க்கிற பறவை. தெரியாதவர் அதற்கு நேர் கீழே நின்று டீ குடித்துவிட்டுப் போவார், தெரியாது. தட்டேக்காட்டில் எந்தப் புதரில் எந்த ஜோடி இருக்கிறது என்பது அங்கே இருக்கிற வழிகாட்டிகளுக்கு அத்துப்படி. உங்கள் நண்பர் தானாகத் தேடியிருப்பார். அரிய பறவை வேறு, கண்ணில் படாத பறவை வேறு. இது இரண்டாவது வகை.

ஒற்றைப்பனை:

சார், அப்படியானால் மரக்கட்டைமேல் மரக்கட்டையாக நின்று வாயைப் பிளந்து பேய் மாதிரி கத்தும் என்று வீடியோ வருகிறதே, கண் இரண்டும் பிதுங்கிக்கொண்டு, அதுவும் இதுதானா?

தாளாடி:

அது போட்டூ. அமெரிக்கக் கண்டத்துப் பறவை, மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரைக்கும். அதுவும் இரவாடி, அதுவும் மொட்டைக்கட்டை வேஷம், ஆனால் அலகைப் பாருங்கள், துக்குணியூண்டு இருக்கும். தவளைவாயனுக்கு அலகு அகலமாக, கெட்டியாக, நுனி கொக்கிபோல வளைந்து இருக்கும், மூக்குத்துளை ஒரு கீறல் மாதிரி. அலகின் அடியைச் சுற்றி விறைப்பான மீசை மயிர் அடர்ந்து அதை மறைத்துக்கொண்டிருக்கும்.

நம் ஊர்ப் பக்கியையும் (ராத்திரி வண்டி வெளிச்சத்தில் ரோட்டில் கண் சிவப்பாக மின்னுமே, அதுதான்) இதையும் குழப்பிக்கொள்வார்கள். பக்கி பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும், அதனால் நீளமான இறக்கை. தவளைவாயனுக்கு இறக்கை குட்டை, முனை மழுங்கல், நெருக்கமான காட்டுக்குள் கிளைக்குக் கிளை தாவுவதற்குத்தான் லாயக்கு. ஒரு கிளையில் உட்கார்ந்து கவனித்து, விட்டில், வண்டு, வெட்டுக்கிளி எதுவானாலும் இலையிலிருந்தோ கிளையிலிருந்தோ தரையிலிருந்தோ கவ்விக்கொண்டு திரும்பிவிடும். கால் இரண்டும் சின்னது, வலு கிடையாது, ஆந்தை மாதிரி நகத்தால் பற்றுகிற ஜாதி இல்லை. வேலை எல்லாம் வாய்க்குத்தான்.

மழைக்காடன்:

வணக்கம் எல்லாருக்கும். நான் இரத்தினபுரிப் பக்கம், சிங்கராஜ வனத்துக்குக் கிட்ட. எங்கட பக்கம் இந்தப் பறவை இருக்கிறது எண்டு முதலில் காட்டித்தந்தது அதின்ர குரல்தான். பார்க்கிறதுக்கு முந்திக் கேட்கப் பழகுங்கோ.

பொழுது சாய்ஞ்சு இருட்டு இறங்கிற அந்தக் கொஞ்ச நேரமும், விடியிறதுக்கு முந்தின கருக்கலும்தான் அது கத்துற நேரம். பெட்டையின்ர குரல் உரத்த ஒரு கீச்சல், மேலேயிருந்து சரிஞ்சு வந்து கடைசியில விக்கினமாதிரி நிண்டுபோகும். சேவலின்ர குரல் வேற, அடுக்கடுக்காக வேகமா வரும். இரண்டும் ஒண்டுக்கொண்டு பதில் சொல்லேக்க கேட்டால் ஒரு பறவை எண்டு புதுசா வந்த ஆள் நம்பமாட்டார். வேற ஏதோ விலங்கு எண்டுதான் நினைப்பார்.

குரலை வைச்சுப் பறவை பிடிக்கிறதில எங்கட நாட்டுக்கு ஒரு பெரிய கதை இருக்கு. சிங்கராஜாவிலயும் கித்துள்கலவிலயும் 1995-இல் ஆளறியாத ஒரு குரலை எங்கட பறவை ஆராய்ச்சியாளர் தீபால் வரகாகொட கேட்டார். அந்தக் குரலுக்குரிய பறவையைக் கண்ணால காண 2001 ஆச்சுது. சின்னஞ்சிறு செந்நிற ஆந்தை, உலகத்துக்கே புது இனம், 2004-இல் முறையா விவரிச்சு வெளியிட்டவை. உலக மரபுரிமைக் காடு எண்டு 1988-லேயே யுனெஸ்கோ அறிவிச்ச இடம், ஆராய்ச்சியாளர் வந்துபோய்க்கொண்டே இருந்த இடம், அதுக்குள்ளேயே ஒரு ஆந்தை இவ்வளவு காலம் ஒளிச்சிருந்திருக்கு. தவளைவாயன் தட்டுப்படேல்லை எண்டு கவலைப்படுற ஆக்களுக்கு நான் இதைத்தான் சொல்லுறது.

குறிஞ்சிவண்டு:

அண்ணா, அருமை. பைனாகுலர் ஐயாவுக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ஆண், பெண் எப்படிப் பிரிப்பது? ஜோடியாக உட்கார்ந்திருந்தால் இரண்டும் வேற வேற நிறம் என்று கேள்விப்பட்டேன்.

பழைய பைனாகுலர்:

ஆமாம். பெண் செம்பழுப்பு, காய்ந்த சருகின் நிறம், வெள்ளைப் புள்ளி குறைவு, கழுத்தில் ஆரம் மாதிரி ஒரு வரி புள்ளி இருக்கும். ஆண் சாம்பல் கலந்த பழுப்பு, உடம்பு முழுக்க நுணுக்கமான கோடு, தோளில் வெள்ளைப் புள்ளி அதிகம், மரப்பாசி பிடித்த பட்டை மாதிரி. இரண்டும் சேர்ந்து காய்ந்த கொடிச் சருகுக்குள்ளோ மூங்கில் பிரம்புப் புதரிலோ உட்கார்ந்தால் எங்கே சருகு முடிகிறது எங்கே பறவை தொடங்குகிறது என்று கண் திணறும். உயரத்தில் தேடாதீர்கள். பல நேரம் தலைக்கு மேலே கைக்கு எட்டாத தூரம், அவ்வளவுதான்.

ஆள் நெருங்கினால் அது பறக்காது. அதுதான் அதன் பலம், அதுவேதான் அதன் பலவீனமும். மெதுவாக, நீங்கள் கவனிக்காத வேகத்தில், அலகை வானம் பார்த்து உயர்த்தும். உடம்பு இறகையெல்லாம் ஒட்ட இழுத்துக்கொண்டு ஒல்லியாகும். கண்ணை மூடும், ஆனால் முழுக்க மூடாது. ஒரு மயிரிழை திறந்து வைத்துக்கொண்டு உங்களையே பார்க்கும். நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் தலையும் இம்மி இம்மியாக இடப்பக்கம் வரும். இப்படி நிற்கிற பறவையைப் பார்த்துவிட்டு "எவ்வளவு சாதுவா போஸ் குடுக்குது" என்பார்கள். அது போஸ் இல்லை தம்பி, பயம். சாதாரணமாக இருக்கிற தவளைவாயன் உப்பிப்போய், தலையைத் தோளுக்குள் அமுக்கிக்கொண்டு தூங்கும். விறைத்து நிமிர்ந்து நின்றால் நீங்கள் வரக்கூடாத தூரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், இரண்டடி பின்னால் போங்கள்.

காட்டுமல்லி:

ஐயா சொன்ன கடைசிப் பத்தியை அச்சடித்து ஒவ்வொரு கேமராப் பையிலும் ஒட்டவேண்டும். நானும் படம் எடுக்கிறவள்தான், ஆகவே உரிமையோடு சொல்கிறேன்.

2021-இல் ஜெர்மனியின் யேனாவிலிருந்து இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்ஸ்டாகிராமில் பெரிய பறவைப்படக் கணக்குகளில் வந்த 27,000-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்துக்கொண்டு, எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை விருப்பம் விழுந்தது என்று கணக்குப் போட்டு, எந்தப் பறவைக்கு அதிக மவுசு என்று பார்த்தார்கள். முதலிடம் தவளைவாயன்! மயில் இல்லை, மீன்கொத்தி இல்லை. நம் ஊர்க் கொண்டலாத்திகூட முன்வரிசையில் வந்தது, ஆனால் முதலிடம் இந்த மூஞ்சிக்கு. மனுஷ முகம் மாதிரி இரண்டு கண்ணும் முன்பக்கம் பார்த்து இருப்பதுதான் காரணமோ என்று அவர்கள் யோசித்திருந்தார்கள். ஆஸ்திரேலியக்காரன் சம்பாதித்த புகழ்தான், ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பது நம் காட்டில் இருக்கிற மைனா அளவு ஜீவன்.

நான் பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம், மேற்குமலையில் ஓர் இடம். ஒரு ஜோடி உட்கார்ந்த புதருக்கு முன்னால் பதினைந்து பேர், முக்காலி, ஃபிளாஷ். குறுக்கே ஒரு பிரம்பு இலை மறைக்கிறது என்று ஒருவர் அதை வளைத்துக் கட்டிவிட்டார். ஒரே ஒரு இலைதானே என்பார்கள். அந்த இலைதான் மதிய வெயிலையும் வல்லூறு கண்ணையும் மறைத்துக்கொண்டிருந்தது.

ஒற்றைப்பனை:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். காசு வாங்கிக்கொண்டு தூங்குகிற பறவையைக் காட்டிக்கொடுக்கிற தொழிலையே நிறுத்தவேண்டும். மாதக்கணக்கில் ஒரே கிளையில் இருக்கும் என்று ஐயாவே சொல்கிறார். அப்படியானால் ஒரே ஜோடிதான் சீசன் முழுக்க, காலை ஒரு கூட்டம் மாலை ஒரு கூட்டம் என்று மாட்டிக்கொள்கிறது. இதில் பறவை பார்ப்பவருக்கு என்ன பெருமை? விரலை நீட்டிக் காட்டினார்கள், பார்த்தாய், பட்டியலில் டிக் அடித்தாய். நீயாகத் தேடிக் கண்டுபிடி, இல்லையென்றால் கேட்காமல் திரும்பு.

நீர்க்காக்கை:

பனை அண்ணே, கோபம் நியாயம், ஆனால் முடிவு தப்பு. நானாகத் தேடுகிறேன் என்று கிளம்புகிறவர்தான் கொடியை விலக்கி, புதரை மிதித்து, போனில் குரலைப் போட்டுப்போட்டு அலறவிட்டு, ராத்திரி டார்ச்சோடு காட்டுக்குள் நுழைகிறார். ஒரு கிளை தெரிந்த வழிகாட்டி அமைதியாகக் கூட்டிப்போய், இருபதடி தள்ளி நிறுத்தி, ஐந்து நிமிஷத்தில் கூட்டிவந்துவிட்டால் பறவைக்கு நஷ்டம் குறைவு.

இன்னொன்று. தட்டேக்காடு பெரிய காடு இல்லை, மொத்தமே 25 சதுர கி.மீ. பெரியாற்றங்கரை, சுற்றிலும் ஊர், ரப்பர், உள்ளேயே பழைய தேக்குத் தோட்டம். 1933-இல் திருவிதாங்கூர்-கொச்சிப் பறவைக் கணக்கெடுப்புக்கு வந்த பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி அந்த இடத்தைப் பார்த்து அசந்துபோனார், அவர் சொல்லித்தான் பின்னால் 1983-இல் சரணாலயம் ஆயிற்று, இன்று அவர் பெயரில் இருக்கிறது. அவருடைய மாணவர் ஆர். சுகதன் இந்தத் தவளைவாயனைத் தேடியே மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆய்வு செய்தவர், பிறகு தட்டேக்காட்டிலேயே நெடுங்காலம் இருந்து உள்ளூர் ஆட்களுக்குப் பறவை சொல்லிக்கொடுத்தவர். அப்படி வளர்ந்தவர்கள்தான் அங்கே வழிகாட்டிகள். அந்த ஊர்க்காரருக்கு இந்தப் பறவையால் அடுப்பு எரிகிறது என்றால், அது உட்காரும் புதரை வெட்ட வருகிறவனை முதலில் தடுக்கப்போவது அவர்தான். நீங்களும் நானும் கோயம்புத்தூரில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருப்போம்.

ஒற்றைப்பனை:

எல்லா வழிகாட்டியும் இருபதடி தள்ளியா நிறுத்துகிறார்? காட்டுமல்லி சொன்ன அந்தப் பதினைந்து பேரை யார் கூட்டிவந்தது?

நீர்க்காக்கை:

நிறுத்தாதவரும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நல்ல டிப்ஸ் கொடுக்கிறவர் "இன்னும் கொஞ்சம் பக்கத்துல" என்றால் மறுக்கிற தைரியம் எல்லாருக்கும் வராது. அதை நாம்தான் சுலபமாக்கவேண்டும். நீங்களே முதலில் "போதும், இங்கிருந்தே பார்க்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகத்தில் நிம்மதி தெரியும். அப்புறம் கூட்டத்தில் யார் ஃபிளாஷை எடுத்தாலும் அவரே தடுப்பார், ஏனென்றால் இப்போது அவர் பக்கம் ஒரு கஸ்டமர் இருக்கிறார்.

தாளாடி:

சண்டைக்கு நடுவில் ஒரு விஷயம், ஏனென்றால் குறிஞ்சிவண்டு போகிற மாதம் ஜனவரி. தென்னிந்தியாவில் இதன் கூடுகட்டும் காலம் ஏறக்குறைய ஜனவரியிலிருந்து ஏப்ரல். ஆகவே நீங்கள் பார்க்கிற பறவை சும்மா தூங்குகிறதா, அடை காக்கிறதா என்று தெரிந்திருக்கவேண்டும்.

கூடு என்றால் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். கிளைக் கவையில் அல்லது படுத்த கிளையின்மேல் பாசியால் ஆன ஒரு சின்ன மெத்தை, அகலம் உள்ளங்கையைத் தாண்டாது. உள்ளே தன்னுடைய மெல்லிய தூவிகளையே விரித்திருக்கும், வெளியே மரப்பாசியும் பட்டைத் துணுக்கும் ஒட்டி மூடியிருக்கும். கீழிருந்து பார்த்தால் கிளையில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். அதில் ஒரே ஒரு முட்டை, வெள்ளை. பறவை மேலே உட்கார்ந்துவிட்டால் கூடும் தெரியாது, முட்டையும் தெரியாது.

பகலில் அடை காப்பது ஆண். சாம்பல் நிறத்துக்காரர் ஒரு கிளையில் தனியாக, நீளவாட்டில், கொஞ்சம் சப்பையாக உட்கார்ந்திருந்தால், ஜோடி பக்கத்தில் இல்லையென்றால், சந்தேகப்படுங்கள். ராத்திரியானதும் பெண் வந்து முறை மாற்றிக்கொள்ளும். குஞ்சு பறந்துபோன பிறகு ஆண் பறவையே அந்தக் கூட்டைப் பிய்த்துப் போட்டுவிடுவதும் பதிவாகியிருக்கிறது. தடயம் எதையும் விட்டுவைக்கிற ஆள் இல்லை.

ஒரு முட்டை என்பதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் கணக்கு அங்கேதான் இடிக்கிறது. மைனாவுக்கு நான்கைந்து முட்டை, ஒன்று போனாலும் மீதி இருக்கும். இதற்கு அந்த ஒன்றுதான். ஃபிளாஷுக்குப் பயந்து ஆண் எழுந்து போய், முட்டை வெயிலில் கிடந்தாலோ காக்கை கண்ணில் பட்டாலோ அந்தக் கூடு அத்தோடு சரி. அதனால்தான் நம் பறவைக் குழுக்களில் பலவற்றில் கூட்டின் படம் போட்டாலே நீக்கிவிடுகிறார்கள். கூடு என்று தெரிந்தால் படம் எடுக்காதீர்கள், இடத்தையும் யாரிடமும் சொல்லாதீர்கள், ஜிபிஎஸ் புள்ளி போடுகிற வேலையே வேண்டாம்.

காட்டுமல்லி:

தாளாடி டீச்சர், அந்தப் பாசி மெத்தையை ஒருதரம் குஞ்சு போன பிறகு கீழே விழுந்த நிலையில் பார்த்திருக்கிறேன். கையில் எடுத்தால் எடையே இல்லை. மேல்பக்கம் மட்டும் வழுவழு என்று நெய்துவைத்த ஃபெல்ட் துணி, அடியில் கிளையின் வளைவு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது.

ஜொகூர்க்காரன்:

மலேசியாவிலிருந்து ஒரு எட்டு. நீங்கள் அங்கே ஒரே ஒரு இனத்துக்கு இவ்வளவு அடித்துக்கொள்கிறீர்கள், இங்கே தீபகற்பத்தில் மட்டுமே பெரிய தவளைவாயன், கூல்ட் தவளைவாயன், பிளைத் தவளைவாயன் என்று கூட்டமே இருக்கிறது. கோத்தா திங்கி பக்கம் பாந்தி காட்டில் ராத்திரி இதற்காகவே ஆட்கள் வருவார்கள். கேட்பது சுலபம். பார்ப்பதற்கு டார்ச் வெளிச்சத்தில் கொடிக்குள் ஒரு நொடி. பகலில் உட்கார்ந்த இடத்தில் பார்த்தவர்கள் இங்கே குறைவு, ஏனென்றால் தட்டேக்காடு மாதிரி கிளை கிளையாகத் தெரிந்துவைத்திருக்கிற ஏற்பாடு இல்லை.

பெரிய தவளைவாயன் நிஜமாகவே பெரியது, 40 செ.மீ. வரும், உங்களுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். அதற்குத் தாழ்நிலக் காடுதான் வேண்டும். இங்கே தாழ்நிலக் காட்டை என்ன செய்தார்கள் என்று சொல்லவேண்டியதில்லை, செம்பனை (பாமாயில்) தோட்டம். உலகப் பட்டியலில் அது அச்சுறுத்தலை நெருங்கும் வகையில் இருக்கிறது. மழைக்காடன் சொன்ன "ஒளிந்திருந்தது" கதையின் மறுபக்கம் இது: பார்க்காத பறவை குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. குரல் பதிவை வைத்துத்தான் இருக்கிறதா இல்லையா என்று மதிப்பிடவேண்டியிருக்கிறது.

இதிலேயே கடைசிப் படி என்றால் டூலிட் தவளைவாயன். போர்னியோவில் சரவாக்கின் டூலிட் மலையின் பெயர். போர்னியோ மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது, உயிரோடு பார்த்தேன் என்று சொல்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். நான் பார்க்கவில்லை, பார்த்தவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன், அதற்கே பெருமையாக இருந்தது.

பழைய பைனாகுலர்:

ஜொகூர்த் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்த்துவிடுகிறேன், பேரினம் பற்றி ஆரம்பித்தது நான்தானே. சாலமன் தீவுகளில் ஒரு தவளைவாயன் இருக்கிறது. வெகுகாலம் அதை ஆஸ்திரேலியா-நியூ கினி இனம் ஒன்றின் துணையினமாகத்தான் அலமாரியில் வைத்திருந்தார்கள். 1998-இல் இசபெல் தீவில் கிடைத்த ஒரு மாதிரியை உட்கார்ந்து பொறுமையாக ஆராய்ந்தபோது வால் இறகு எட்டுதான் இருந்தது. மற்றத் தவளைவாயன்களுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு. எலும்பும் மரபணுவும் வேறு கதை சொன்னது. 2007-இல் அதற்குத் தனிப் பேரினமே கொடுத்தார்கள், ரிஜிடிபென்னா என்று. அருங்காட்சியக இழுப்பறையில் இருந்த பறவை! காட்டில் மட்டுமில்லை, அலமாரியிலும் ஒளிந்துகொள்ளும் குடும்பம் இது.

குறிஞ்சிவண்டு:

எல்லாருக்கும் பெரிய நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இப்போது பயணக் கேள்வி. கேமரா எடுத்துப் போகலாமா வேண்டாமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் குரலைப் போனில் போட்டுக் கூப்பிடலாம் என்று நண்பன் சொல்கிறான். தமிழ்நாட்டுப் பக்கமே பார்க்க வழி உண்டா?

நீர்க்காக்கை:

கேமரா தாராளமாக எடுத்துப் போங்கள், ஃபிளாஷை மட்டும் வீட்டில் வைத்துவிடுங்கள். இப்போதைய கேமராவில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவு) ஏற்றி, ஷட்டர் வேகத்தைக் குறைத்து எடுத்தால் போதும், அது அசையவே போவதில்லை. ஒரு ஆள் ஐந்து நிமிஷம், அவ்வளவுதான்.

குரல் போடுவது வேண்டாம். ஜனவரியில் அந்த ஜோடி தன் எல்லையைக் காத்துக்கொண்டிருக்கும். நண்பன் போனிலிருந்து வரும் குரலை வேறொரு பறவை வந்துவிட்டது என்று நினைத்து அடை விட்டு எழுந்தால், டீச்சர் சொன்ன அந்த ஒற்றை முட்டை அம்போ. அந்தி நேரத்தில் பறவைகள் தாமாகவே கத்தும், விடுதி வாசலில் நின்றாலே கேட்க வாய்ப்பு உண்டு.

தமிழ்நாட்டில் ஆனைமலைப் பக்கம் இருக்கிறது. ஆனால் அது புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதியும் அவர்களுடைய ஆளும் இல்லாமல் நடக்க முடியாது, ராத்திரியில் சுத்தமாக முடியாது. முதல் தடவைக்குத் தட்டேக்காடுதான் லேசு.

ஒற்றைப்பனை:

ஐந்து நிமிஷம் என்பதை மூன்றாக்கிக்கொள்ளுங்கள். மற்றபடி நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, காட்டிக்கொடுத்துப் பார்ப்பதில் எனக்கு ருசி இல்லை. ஆனால் அண்ணன் சொன்ன "போதும் என்று நாம் முதலில் சொல்வது" நடைமுறைக்கு ஆகிற யோசனை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

மழைக்காடன்:

அட்டைக்கு உப்பும் நீளக் காலுறையும் கொண்டு போங்கோ. ஜனவரியில அங்கே குறைவாத்தான் இருக்கும், இருந்தாலும் ஓடைக்கரையில நிண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தால் கீழே காலைப் பார்க்க நேரம் இராது.

பழைய பைனாகுலர்:

பாலக்காடு, திருச்சூர், அங்கமாலி, பெரும்பாவூர், கோதமங்கலம். கோதமங்கலத்திலிருந்து தட்டேக்காடு பக்கம்தான். முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்துவிடுங்கள், வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள், சனி ஞாயிறைத் தவிர்த்தால் கூட்டம் இருக்காது. ஜோடியைப் பார்த்தால் செம்பழுப்பு எந்தப் பக்கம், சாம்பல் எந்தப் பக்கம், இரண்டும் உப்பி இருந்ததா நிமிர்ந்து இருந்ததா என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுங்கள். இடத்தை மட்டும் எழுதவேண்டாம்.